துளசிமணி கூப்பிட்டு வந்தவள்

கடலுக்கு அந்தப் பக்கம், ஜப்பான் தேசத்தில், யாரோ ஒருத்தி படித்து முடித்துப் பழைய தாள்களோடு வெளியே வைத்த படக்கதைப் புத்தகம் ஒன்று, கம்பியால் இறுக்கிய பேப்பர்க் கட்டுக்குள் நெருக்குண்டு, கப்பலேறி, தூத்துக்குடியில் இறங்கி, லாரியில் மூன்று மாவட்டம் கடந்து, உடுமலைக்குத் தெற்கே செங்காட்டுப்புதூரில் இருக்கும் பேப்பர் மில்லின் பிரிப்புக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. வந்த அன்றைக்கே மற்ற தாள்களோடு ஓடும் பெல்ட்டில் ஏறிக் கூழ்த்தொட்டிக்குள் விழுந்து கஞ்சியாகியிருக்க வேண்டியது, பெல்ட்டுக்குப் பக்கத்தில் நின்றவள் துளசிமணி என்பதால் விழவில்லை.

துளசிமணிக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. அஞ்சாவது வரை படித்தவள். புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போய் அங்கேயே வேறொருத்தியோடு தங்கிவிட்டான். பன்னிரண்டு வருஷமாக அந்தக் கொட்டகையில் நின்று வெள்ளைத்தாளை வெள்ளையோடும் அச்சுத்தாளை அச்சோடும் அட்டையை அட்டையோடும் போட்டுக்கொண்டிருந்தவள், அன்று ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்தாள். அதில் குதிரைமேல் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளை நேருக்கு நேர் பார்த்தாள். பெரிய கண்கள், காற்றே இல்லாத இடத்தில் பறக்கும் கூந்தல், கையில் வாள். துளசிமணி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுப் புத்தகத்தை மடியில் செருகிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் விழும் ஒண்டு நிழலில், இருபத்திரண்டு பெண்களும் டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார, துளசிமணி நடுவில் உட்கார்ந்து வாசித்தாள். அந்த எழுத்தில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. ஆனால் படம் தெரிந்தது, முகம் தெரிந்தது, யார் யாரைப் பார்த்து என்ன சொல்ல வாயைத் திறக்கிறார்கள் என்பது தெரிந்தது, அதற்குமேல் என்ன வேண்டும் என்று அவள் ஒவ்வொருவர் வாயிலும் தன் பேச்சை எடுத்து வைத்தாள். முதல் வாரம் முழுக்கக் கதை தலைகீழாக ஓடியது. செத்தவர்கள் எழுந்தார்கள், எரிந்த வீடுகள் முளைத்தன, முத்தமிட்டவர்கள் யாரென்றே தெரியாதவர்களாகிப் பிரிந்து போனார்கள். "என்ன கருமம்டி இது, இவ காயம் ஆறி ஆறி அப்புறம் வெட்டுப்படறா" என்று ரங்காத்தாள் தலையிலடித்துக்கொண்டாள். கொட்டகையில் எல்லோருக்கும் இளையவள் கோகிலவாணி. பத்தொன்பது வயது, பன்னிரண்டாவது முடித்தவள். அவள்தான் புத்தகத்தை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது அந்தப் பக்கமிருந்து தொறக்கறதுங்க்கா" என்றாள்.

அந்தப் பக்கமிருந்து திறந்தபோது கதை சரியாக நின்றது. பனி பெய்யும் மலைநாட்டில் ஒரு படைத்தலைவனின் மகள். அண்ணன் போரில் சாக, அவன் கவசத்தை மாட்டிக்கொண்டு, ஆணென்று சொல்லிக்கொண்டு, அவன் படையை நடத்துகிறாள். பகலில் மனிதனாகவும் அந்தி சாய்ந்தால் ஓநாயாகவும் இருக்கச் சபிக்கப்பட்ட ஒருவனை ஆற்றங்கரையில் சந்திக்கிறாள், அவனை வெட்டப்போய் வெட்டாமல் திரும்புகிறாள், அப்புறம் திரும்பத் திரும்ப அந்த ஆற்றங்கரைக்கே போகிறாள். எதிரி நகரத்தை வளைத்துக்கொள்ள, பாலத்து வாசலில் அவள் ஒருத்தி குதிரைமேல் நின்று வாளை ஓங்குகிறாள். அந்தப் பாலத்தைக் காக்க அவளை விட்டால் ஆளில்லை. பெண்கள் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். பாலத்துப் பக்கத்துக்கு வந்ததும் துளசிமணி மூடிவிடுவாள், மறுநாள் முதலிலிருந்து தொடங்குவாள். கடைசிவரை போனால் தீர்ந்துபோகுமே என்று யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.

கார்த்திகை பிறந்த ஒரு திங்கட்கிழமை கோகிலவாணி டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

"என்ன வாணி?"

"பன்னெண்டாந்தேதி நாள் வச்சுட்டாங்க்கா. மாமனுக்கே."

மாமன் என்றால் அவள் அம்மாவின் தம்பி சென்னியப்பன். நாற்பத்தொரு வயது, சோமனூர்ப் பக்கம் தறிப்பட்டறை வைத்திருப்பவன். முதல் சம்சாரம் தோட்டத்துக் கிணற்றில் கிடந்தாள், எப்படி விழுந்தாள் என்று பெற்றவர்களும் கேட்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை. கோகிலவாணி நர்சிங் படிப்புக்கு மனுப் போட்டு, இடமும் கிடைத்து, அந்தக் கடிதத்தை வீட்டில் காட்டிய மறுநாளே நாள் குறித்துவிட்டார்கள்.

"யாராச்சும் வந்து வேண்டாம்னு சொல்லுவாங்களாக்கா?"

துளசிமணி புத்தகத்தைத் திறந்தாள், பாலத்துப் பக்கத்தில். வாளை ஓங்கியவளின் வாயிலிருந்து பெரிய பேச்சுக் குமிழ் ஒன்று கிளம்பிப் பாதிப் பக்கத்தை அடைத்திருந்தது. அதில் விரலை வைத்துத் துளசிமணி வாசித்தாள்: "'அழுவாத கண்ணு, நான் வர்றேன். நீ தாலிக்குத் தலையக் குனியறதுக்கு முன்னால நான் அங்க இருப்பேன்'னு சொல்றா பாரு."

சொன்ன வாக்கை மாற்றிப் பழக்கமில்லாத அந்தப் படைத்தலைவன் மகள், குதிரையை அங்கேயே விட்டுவிட்டுப் புத்தகத்திலிருந்து இறங்கினாள். முதலில் கால், அப்புறம் கவசம், அப்புறம் கூந்தல். இறங்க இறங்க வளர்ந்து, ஜெனரேட்டர் அறை நிழலில் ஆளுயரத்துக்கு நின்றாள். உடம்பில் கறுப்பும் வெள்ளையும் தவிர வேறு நிறமில்லை, கன்னத்தில் வெட்கத்துக்காக வரைந்த மூன்று சாய்கோடுகள்கூடக் கறுப்புதான். புத்தகத்தில் அவள் இருந்த இடம் அவள் வடிவத்திலேயே வெள்ளையாகக் கிடந்தது.

"வந்துட்டேன். எந்தப் புள்ளைங்க்கா?" என்றாள். அச்சு அசல் துளசிமணியின் குரல், துளசிமணியின் பேச்சு. இத்தனை நாளும் அவள் வாயில் வைக்கப்பட்ட சொற்கள் அவைதானே, அவளிடம் வேறு ஏது?

ரங்காத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "சாப்பிட்டியா அம்மிணி?" என்று கேட்டு, டிபன் மூடியில் சோறு வைத்து நீட்டினாள்.

சூப்பர்வைசர் வெள்ளிங்கிரி வந்து விசாரித்தார். எந்த ஊர் என்றார். ஜப்பான் என்றார்கள். "போன மாசம் ஒடிசாவுல இருந்து ஏழு பேரு, அதுக்கு முன்னால ஜார்கண்டுல இருந்து நாலு பேரு. நிக்கட்டும். ஆனா கொட்டகைக்குள்ள சும்மா நிக்கக் கூடாது, இன்சூரன்ஸ்காரன் கேப்பான்" என்று சொல்லி, அவளுக்கு ஒரு ஜோடி கையுறையும் முகமூடியும் கொடுத்து, வருகைப் பதிவேட்டில் ராணி என்று எழுதிக்கொண்டார். பன்னிரண்டாம் தேதிவரை அவள் எங்காவது இருந்தாக வேண்டும், இருக்கிற இடத்தில் வேலை செய்தாக வேண்டும். வாளை இடுப்பில் தொங்கவிட்டபடி பெல்ட்டுக்கு முன்னால் நின்று, வெள்ளையை வெள்ளையோடும் அச்சை அச்சோடும் போடக் கற்றுக்கொண்டாள்.

ஊர் அவளைப் பார்க்க ஒரு வாரம் வந்தது. மகளிர் குழுவினர் கூட்டத்துக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். பள்ளிக்கூடத்து டீச்சர் பிள்ளைகளை வரிசையில் அழைத்துவந்து காட்டினார். போர்வெல் தண்ணீர்த் தகராறு உள்ளவர்கள், வழித்தடத் தகராறு உள்ளவர்கள், குடிகாரப் புருஷன் உள்ளவர்கள் எல்லோரும் வந்து அவளிடம் சொல்லிவிட்டு, சொன்னதே போதும் என்பதுபோல எழுந்து போனார்கள். டீக்கடைப் பெஞ்சில் ஆண்களோடு அவள் உட்காரலாமா என்று ஒரு பேச்சு எழுந்து, வாளை வெளியே வைத்துவிட்டு வந்தால் உட்காரலாம் என்று முடிவாகி, அவள் வாளை வைக்க மறுத்ததால் நின்றுகொண்டே குடித்தாள். வேகமாகத் திரும்பும்போது அவளைச் சுற்றிக் காற்றில் மெல்லிய கோடுகள் சீறித் தெறித்தன. ஓநாய்க்காரனை நினைக்கும்போது முதுகுக்குப் பின்னால் எங்கிருந்தோ பூவிதழ்கள் உதிர்ந்தன. கொட்டகையைப் பெருக்கும் வேலை ரங்காத்தாளுடையது. "நெனைக்கறத மத்தியானத்துக்குள்ள நெனைச்சு முடிச்சுக்க அம்மிணி, சாயங்காலம் எனக்கு பஸ்ஸு போயிருது" என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இதழ்கள் நல்ல வெள்ளைத்தாள் என்பதால் முதல் தரத் தொட்டியில் சேர்ந்தன. பத்தாம் நாள் காலையில் பஸ்ஸில் ராணிக்கு இடம்விட யாரும் எழுந்திருக்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி காலையில் இருபத்தொரு பெண்களும் லீவு சொல்லிவிட்டு அவளோடு மண்டபத்துக்குப் போனார்கள். படியேறும்போது துளசிமணி பின்தங்கினாள். ராணி பின்தங்கவில்லை. வாளை உருவிக்கொண்டு, கூந்தல் பறக்க, கோடுகள் சீற அவள் வாசலுக்கு வந்தாள். வாசலில் பட்டுப்பாவாடை கட்டிய இரண்டு பெண்பிள்ளைகள் நின்று, "வாங்க, வாங்க" என்று பன்னீர்ச் செம்பைக் குலுக்கினார்கள்.

பன்னீர் பட்ட இடமெல்லாம் மை கரைந்தது. வாளின் நுனி மழுங்கியது, தோள்கவசம் கலங்கி வழிந்தது, வலது கன்னத்தில் மூன்று கோடுகளும் ஒன்றாகி ஒரு கறையாயின. யாரும் அதை ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. கல்கண்டு கொடுத்தார்கள், சந்தனம் வைத்தார்கள், கோகிலவாணியின் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்து, "இத்தனை தூரத்துல இருந்து என்ற மக கல்யாணத்துக்கு வந்திருக்கீங்களே" என்று கண்கலங்கி, முன்வரிசையில் உட்காரவைக்கப் பார்த்தாள். ராணி உட்காரவில்லை. நேரே மணவறைக்கு நடந்தாள்.

"அந்தப் புள்ளைக்கு விருப்பமில்லீங். எந்திரிங்" என்றாள் சென்னியப்பனைப் பார்த்து.

மேளக்காரர் ஒரு கணம் நிறுத்தினார். சென்னியப்பன் எழுந்தான். எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, "நீங்க பெரியவங்க, ஆசீர்வாதம் பண்ணோணும்" என்று குனிந்தான்.

அவள் வாளை ஓங்கி வெட்டினாள். பனிநாட்டில் ஒரே வீச்சில் பத்துப் பேரைச் சாய்த்த வெட்டு அது, துளசிமணி அதை எத்தனையோ முறை வாசித்திருக்கிறாள். சென்னியப்பனின் வெள்ளைச் சட்டையில், தோளிலிருந்து இடுப்புவரை, ஒரு கறுப்புக் கோடு விழுந்தது.

"அச்சச்சோ" என்றாள் அவன் அக்கா, கோகிலவாணியின் அம்மா. "பரவால்லீங்க, பரவால்லீங்க, தொவைச்சாப் போயிரும்." யாரோ வேறு சட்டை எடுத்துவர ஓடினார்கள். போட்டோக்காரர், இப்படிக் கொஞ்சம் திரும்புங்க என்று ராணியை மாப்பிள்ளை பக்கத்தில் நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அவள் மறுபடி வெட்டினாள், மறுபடி வெட்டினாள், வாளில் மை தீரும்வரை வெட்டினாள். பெண்பிள்ளைகள் இன்னும் கொஞ்சம் பன்னீர் தெளித்தார்கள். மேளம் உச்சத்துக்குப் போனது. கோகிலவாணி தலையைக் குனியவில்லை, அவள் அம்மா பின்னாலிருந்து மெதுவாகக் கழுத்தில் கைவைத்து அமுக்கினாள்.

பந்தியில் ராணிக்கு இலை போட்டிருந்தார்கள். ரங்காத்தாள் அவளை உட்காரவைத்தாள். அவள் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை எட்டு மணிக்குக் கொட்டகையில் துளசிமணி சொன்னாள், "நீ கெளம்பு அம்மிணி. உன்ற ஊருல உனக்கு வேலை கெடக்குது."

"வந்த காரியம் முடியாமப் போறது எனக்கு ஆவாதுங்க்கா. அந்தப் புள்ள ஒருநாளு வெளிய வரும். வர்றப்ப நான் இருக்கோணும்."

துளசிமணிக்கு அதைக் கேட்கச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்பட்டது தப்பு என்று அவளுக்கு உடனே தெரியவில்லை. தை மாதம் ஒருநாள், சுவர் ஓட்டைக்குள் பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருந்த புத்தகத்தை எடுத்துப் பார்த்தபோது தெரிந்தது. பாலத்துப் பக்கத்தில் வெள்ளையாகக் கிடந்த வடிவத்துக்குப் பக்கத்தில் குதிரை தனியாக நின்றது. அதற்கடுத்த பக்கங்கள் முன்பு பார்த்தவையல்ல. எதிரிகள் பாலத்தைக் கடந்திருந்தார்கள். கூரைகள் எரிந்தன. முன்பு ஜன்னலில் நின்று கொடியசைத்த கிழவர் தெருவில் குப்புறக் கிடந்தார். அவள் எங்கெல்லாம் இருந்திருக்க வேண்டுமோ அங்கெல்லாம் அவள் அளவுக்கு ஒரு வெள்ளை இருந்தது, அந்த வெள்ளையைப் பார்த்துக் கையை நீட்டியபடியே மனிதர்கள் செத்தார்கள். மாசியில் பார்த்தபோது இன்னும் ஒரு தெரு எரிந்திருந்தது.

துளசிமணி புத்தகத்தைச் சுற்றித் திரும்ப ஓட்டைக்குள் வைத்தாள். ராணியிடம் சொல்லவில்லை. சொன்னால் போய்விடுவாள், போய்விட்டால் வாணிக்கு யார் இருக்கிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். வாணிக்காக என்று சொன்னதில் பாதி உண்மை. பக்கத்தில் வாளோடு ஒருத்தி நிற்கிற வரைக்கும் வெள்ளிங்கிரி குரலை உயர்த்துவதில்லை, தண்ணீர்க் குழாயடியில் யாரும் இடிப்பதில்லை, தன் குரலில் ஒருத்தி தன்னைவிடத் தைரியமாகப் பேசுவதைக் கேட்க அவளுக்குப் பிடித்திருந்தது. அதுதான் மீதிப் பாதி.

"எங்க ஊரு எப்படி இருக்குதுங்க்கா, புத்தகத்துல?" என்று ராணி எப்போதாவது கேட்பாள்.

"அப்படியேதான் இருக்குது கண்ணு. உனக்காகக் காத்துட்டு நிக்குது."

வெயில் ஏறியது. புழுதியும் பஞ்சுத்தூளும் ராணியின் கோடுகளில் ஒட்டிக் கறுப்பு சாம்பலாயிற்று. கூந்தல் பறப்பதை நிறுத்தியது. ஒரு வாரம் இருமினாள், எல்லோரும் இருமுவதுபோலத்தான். பூவிதழ்கள் வைகாசியோடு நின்றுபோயின. ரங்காத்தாள் அதைக் கவனித்து, சீக்கிரமே பஸ் பிடித்துப் போனாள்.

ஆடியில் கோகிலவாணி வந்தாள், வளைகாப்புக்கு அழைக்க. ஏழாம் மாதம். கழுத்தைச் சுற்றி முந்தானையை இழுத்து விட்டிருந்தாள். குங்குமச் சிமிழை நீட்டியபோது முந்தானை விலகியது, கழுத்தில் விரல்தடத்தை எல்லோரும் பார்த்தார்கள், உடனே எல்லோரும் சிமிழைப் பார்த்தார்கள்.

ராணி வேலையை விட்டுவிட்டு அவள் முன்னால் வந்து நின்றாள். "வா, போலாம். இப்பவே. என்கூட."

"எங்கங்க்கா போறது?"

"எங்கூருக்கு" என்றாள் ராணி.

கோகிலவாணி சிரித்தாள், நல்லவிதமாகத்தான். "பனி பெய்யுமல்லங்க்கா அங்க? வேண்டாங்க்கா. எனக்காக நீங்க இருக்காதீங்க. போயிருங்க. நீங்க இங்க நிக்கறீங்கன்னு நெனச்சு நெனச்சு நானும் வாசலப் பாத்துட்டே இருக்கறேன். நீங்க போயிட்டா நான் பாக்கறத நிறுத்திக்குவேன்."

அவள் கேட் தாண்டிப் போய், வெளியே வண்டியில் காத்திருந்த சென்னியப்பனின் பின்னால் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்து, வண்டி திருப்பத்தில் மறையும்வரை ராணி பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு துளசிமணியிடம் திரும்பி, "புத்தகத்தக் குடுங்க்கா" என்றாள்.

சாப்பாட்டு நேரம். அதே ஒண்டு நிழலில் துளசிமணி பையைப் பிரித்துக் கொடுத்தாள். ராணி பாலத்துப் பக்கத்தைத் திறந்து தரையில் வைத்து முழங்காலிட்டாள். வெள்ளை வடிவம் முதுகு நிமிர்ந்து, தோள் விரிந்து, கையை வானத்துக்கு உயர்த்தி நின்றது. அவள் வலது கையை உள்ளே விட்டாள், தண்ணீருக்குள் போவதுபோல மணிக்கட்டுவரை சிறுத்துப் போயிற்று, முழங்கைவரை போயிற்று. தோள் போகவில்லை. எட்டு மாதம் பெல்ட்டின்மேல் குனிந்து குனிந்து முன்னால் வளைந்துவிட்ட தோள், வெள்ளையின் ஓரத்தில் இடித்து நின்றது. எடுத்துவிட்டு இடது கையை விட்டாள். தலையை விட்டாள். பெண்கள் எழுந்து வந்து, கூட்டமான பஸ்ஸில் படியில் நிற்பவளை உள்ளே தள்ளுவதுபோல, "இன்னும் கொஞ்சம், மூச்ச இழுத்துக்க அம்மிணி, நிமிரு, நல்லா நிமிரு" என்று முதுகில் கைவைத்துத் தள்ளினார்கள். அவள் நிமிர்ந்து பார்த்தாள். நிமிர்ந்தது அவ்வளவுதான். வாள் பிடித்த விரல்கள் கம்பியும் டேப்பும் பிடுங்கிப் பிடுங்கி மடங்கியபடியே நின்றன, வெள்ளையில் வரைந்திருந்த கைக்கு அவை சேரவில்லை.

அவள் பின்வாங்கி உட்கார்ந்தாள். மூச்சு வாங்கியது. பிறகு, யாரும் தடுக்கும் முன்னால், பக்கத்தைப் புரட்டினாள். எரிந்த கூரைகளைப் பார்த்தாள். தெருவைப் பார்த்தாள். ஒவ்வொரு பக்கத்திலும் தன் வெள்ளையைப் பார்த்தாள். எவ்வளவு நாளாக இப்படி என்று கேட்கவில்லை, துளசிமணியின் முகத்தை ஒருமுறை பார்த்தாள், அதிலேயே தெரிந்துகொண்டாள்.

கடைசிப் பக்கத்தில் இடிந்த வாசலில் அவன் மட்டும் உட்கார்ந்திருந்தான். பகலா அந்தியா தெரியவில்லை, பாதி முகம் மனிதனாகவும் பாதி ஓநாயாகவும் நின்றுவிட்டிருந்தது. புத்தகத்துக்கு வெளியே, நேராக அவளைப் பார்த்தான். தலைக்குமேல் சின்னதாக ஒரு குமிழ், அதில் நாலைந்து எழுத்து.

"அவரு என்ன சொல்றாருங்க்கா?"

இருபது பெண்களும் துளசிமணியைப் பார்த்தார்கள். அவள் எத்தனையோ பேர் வாயில் எத்தனையோ வைத்தவள். காத்திருக்கிறேன் என்று சொல்லலாம். வர வேண்டாம் என்று சொல்லலாம். மன்னிச்சுட்டேன் என்று சொல்லலாம். மூன்றும் நாக்குவரை வந்தன.

"எனக்குத் தெரியாது கண்ணு" என்றாள். "எனக்கு அந்த எழுத்து எப்பவுமே தெரியாது. உன்னைய வரச் சொன்னதும் நான்தான், புத்தகம் இல்ல."

ராணி தலையை ஆட்டினாள், கேட்டுக்கொண்டேன் என்பதுபோல. ஒன்றரை மணிச் சங்கு ஊதியது. பெண்கள் மூடிகளை மூடி, கையைக் கழுவி, முகமூடியை மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். துளசிமணி புத்தகத்துக்காகக் கை நீட்டினாள். ராணி கொடுக்கவில்லை, தானே எடுத்துக்கொண்டு போய்த் தன் இடத்தில் நின்றாள். பெல்ட் நகர ஆரம்பித்தது.

புத்தகத்தின் மேலட்டையில் பளபளப்புக்காகப் பிளாஸ்டிக் பூசியிருக்கும், அது கூழில் கரையாது, பிய்த்துத் தனியே போட வேண்டும். அவள் பிய்த்துத் தனியே போட்டாள். முதுகில் பசை தடவிய பட்டை, அதையும் உரித்தாள். தாள்களை விரித்து ஒருமுறை உதறி, அச்சுத்தாள் தொட்டியில் போட்டாள். அடுத்த கட்டுக்குக் குனிந்தாள்.